ஆட்டுக்கு முட்டி எங்க இருக்கு?

நான் டிடிபி வேலை பாக்குற ஆளு. மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதா ஒரு கடை. கல்யாண பத்திரிக்கை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, பில் புக்கு, இதுதான் பொழப்பு. பதினஞ்சு வருசமா கோரல்ட்ராவும் ஃபோட்டோஷாப்பும்தான் சோறு போடுது. அதனால சொந்தக்காரங்க மத்தியில எனக்கு "ஆர்ட்டிஸ்ட்"னு ஒரு பேரு, நானும் இல்லைன்னு மறுத்ததில்ல. ஆனா வெறும் பேப்பரும் பென்சிலும் குடுத்து ஒரு நாய வரைங்கன்னு சொன்னா எனக்கு வரையத் தெரியாது, அதான் நெசம். நெட்ல படத்த எடுப்பேன், பென் டூல் வச்சு மேலயே ட்ரேஸ் பண்ணுவேன், கலர மாத்துவேன், முடிஞ்சது சோலி.

2019ல குழந்தைங்க புத்தகம் போடுற சின்ன பதிப்பகம் ஒன்னுல இருந்து கூப்பிட்டாங்க. ஒரு பாட்டி, ஒரு பேரன், ஒரு ஆடு. ஆடு தொலஞ்சு போகுது, தேடுறாங்க, அவ்ளோதான் கதை. 12 படம் வேணும். எனக்கு இதெல்லாம் ஒரு மேட்டரான்னு நாலே நாள்ல முடிச்சு கொண்டு போய் குடுத்தேன். அங்க எடிட்டரா இருந்த அம்மா ஒவ்வொரு தாளா திருப்பி பாத்துட்டு கண்ணாடிய கழட்டி வச்சுட்டு கேட்டாங்க, "தம்பி, ஆட்டுக்கு முட்டி எங்க இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

நான் படத்துல இருந்த முட்டிய காட்டுனேன். அவங்க சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. பாட்டிக்கு முந்தானை வலது தோள் மேல முன்னாடி வந்து விழுது பாருங்க, இது நம்மூர் பாட்டி இல்லைல்ல அப்படின்னாங்க. நான் ட்ரேஸ் பண்ணுன ஸ்டாக் போட்டோல இருந்தது குஜராத் பக்கத்து அம்மா போல, எனக்கு அது கண்ணுலயே படல. அப்புறம் மூணாவது பக்கத்து பாட்டி வேற, ஏழாவது பக்கத்து பாட்டி வேற, ஏன்னா மூலப் படமே வேற வேற ஆளு. பேரன் அஞ்சு வயசு, ஆனா படத்துல பாத்தா காலேஜ் படிக்கிற பையன சுருக்கி வச்ச மாதிரி இருக்கான். ஆடு இன்னும் மோசம். முன்னங்கால் மாதிரியே பின்னங்காலும் நேரா நாலு குச்சி, பெஞ்சுக்கு கால் வச்ச மாதிரி. அட்வான்ஸ திருப்பி கேக்கல, அதுதான் இன்னும் வலிச்சுச்சு.

அன்னைக்கு ராத்திரி வரைய கத்துக்கணும்னு முடிவு பண்ணுனேன். அடுத்த நாளே முட்டாள்தனம் ஆரம்பம். நல்ல தடிமனான ஸ்கெட்ச் புக்கு ஒன்னு, 12 பென்சில் தகர டப்பா, அப்புறம் இஎம்ஐல ஒரு பேனா டேப்லெட். ஸ்கெட்ச் புக்கோட மொத பக்கத்த கெடுத்துட கூடாதுன்னு மூணு வாரம் தொறக்கவே இல்ல. டேப்லெட்ல ஒரு கோடு போட்டா பத்து தடவ அன்டூ. யூடியூப்ல வீடியோ பாப்பேன், பாத்து முடிச்சதும் கத்துக்கிட்ட மாதிரியே ஒரு திருப்தி, ஆனா கை ஒன்னும் செஞ்சிருக்காது. ரெண்டு மாசத்துல எல்லாம் பரண் மேல.

என்னைய மறுபடி இழுத்துட்டு வந்தவரு எங்க தெருவுலயே இருக்குற ஒரு பெரியவரு, பழைய சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட். மதுரைக்காரங்களுக்கு தெரியும், தியேட்டர் வாசல்ல அம்பது அடி அறுவது அடிக்கு கட்டவுட் நிக்கும், எல்லாம் கைல வரைஞ்சது. 2000க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து அந்த தொழில மொத்தமா தொடச்சிருச்சு. நான் ஃப்ளெக்ஸ் டிசைன் பண்றவன். அவர்கிட்ட போய் வரைய சொல்லிக்குடுங்கன்னு நிக்கிறேன். "எங்க பொழப்புல மண்ணப் போட்டவய்ங்க நீங்கதானடா"ன்னு சொல்லிட்டு சிரிச்சாரு. டீ வாங்கிக் குடுத்தேன். அதுதான் ஃபீஸு, இன்னைக்கு வரைக்கும்.

அவரு மொதல்ல செஞ்சது என் ஸ்கெட்ச் புக்க வாங்கி அவரு பீரோல வச்சு பூட்டுனது. "உன் கடைல ப்ரூஃப் எடுத்து வீணாப்போன பேப்பர் இருக்கும்ல, அத எடுத்துட்டு வா." ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள், கட்டுக்கட்டா கெடக்கு, குப்பைக்கு போறது. பென்சிலும் வேணாம், ரெனால்ட்ஸ் பேனா போதும்னாரு. ரப்பர் கெடையாது. தப்பா போட்ட கோட்ட அழிக்காத, பக்கத்துலயே சரியான கோட்ட போடு, அப்பதான் எவ்வளவு தப்பா பாத்தன்னு தெரியும்னு. புதுசா ஆரம்பிக்கிற யாருக்கும் நான் இத மொதல்ல சொல்லுவேன்: விலை ஒசந்த பேப்பர் கைய கட்டிப்போட்டுரும். வீணாப்போற தாள்னா பயமே இல்ல, ஒரு நாளைக்கு இருபது தாள் கெடுக்கலாம். தேதி மட்டும் மூலைல எழுதி வைங்க, பின்னாடி உதவும்.

மொத வாரம் முழுக்க டம்ளர். எவர்சில்வர் டம்ளர் ஒன்ன மேசைல வச்சு வரைன்னாரு. வாய்க்கு ஒரு முட்டை வடிவம், ரெண்டு சைடு கோடு, அடில ஒரு நேர் கோடு, அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டேன். அவரு டம்ளர தூக்கி என் கண்ணுக்கு நேரா பிடிச்சாரு. "வாய் எப்படி தெரியுது?" ஒரு கோடு மாதிரி தெரியுது. பைய கீழ இறக்குனாரு, கோடு தெறந்து முட்டையாச்சு, இன்னும் இறக்க இறக்க முட்டை அகலமாச்சு. "அப்ப வாய விட அடி உன் கண்ணுல இருந்து இன்னும் கீழ இருக்குல்ல, அடியோட வளைவு வாயோட வளைவ விட ஜாஸ்தியா இருக்கணுமா கம்மியா இருக்கணுமா? நீ நேர் கோடு போட்டு வச்சிருக்க." டம்ளர் மேசைல தட்டையா உக்காந்திருக்குன்னு மூளைக்கு தெரியும், அதனால மூளை நேர் கோடு போட்டுருச்சு, கண்ணு பாத்தத யாரும் கேக்கவே இல்ல. முப்பத்தெட்டு வருசமா தினம் டீ குடிக்கிற டம்ளர், அத நான் பாத்ததே இல்லைங்கிற மாதிரி ஆகிப்போச்சு.

இன்னொன்னு, முட்டையோட ரெண்டு ஓரமும் மீன் வாய் மாதிரி கூரா வந்தா தப்பு. எவ்ளோ ஒடுங்கலா இருந்தாலும் ஓரம் உருண்டுதான் திரும்பும். இதுக்கு மணிக்கட்ட ஆட்டி வரைஞ்சா வராது, கைய தோள்ல இருந்து சுத்தணும், பேப்பர்ல பேனா படுறதுக்கு முன்னாடி காத்துலயே ரெண்டு சுத்து சுத்திட்டு அப்படியே இறக்கணும். அவங்கல்லாம் அம்பது அடி முகம் வரைஞ்ச ஆளுங்க, மொத்த ஒடம்பும் சேந்துதான் கோடு போடும். தினம் ஆரம்பிக்கும்போது ஒரு தாள் நெறய முட்டையும் நேர் கோடும் போட்டுட்டுதான் மத்ததுக்கு போவேன், இப்பவும்.

அதுக்கப்புறம் பேப்பர பாக்காம வரையிறது. இடது கைய மேசை மேல வச்சுக்கிட்டு, கண்ணு விரலோட ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி பைய நகரணும், அதே வேகத்துல பேனாவும் நகரணும், முடியிற வரைக்கும் தாள பாக்கவே கூடாது. முடிச்சிட்டு பாத்தா இஞ்சி மாதிரி இருந்துச்சு. என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. ஆனா அந்த இஞ்சில ஒரு எடத்துல, கட்டைவிரல் மடிப்பு தோலு, நெசமா என் கட்டைவிரல் மாதிரியே இருந்துச்சு, ட்ரேஸ் பண்ணுன எந்த படத்துலயும் வராத ஒரு உயிரு. படம் நல்லா வரணும்னு இந்த பயிற்சி செய்யக்கூடாது, வராது. கண்ண மெதுவாக்குறதுக்கு மட்டும்தான் இது. ஒரு மாசம் தினம் ரெண்டு செஞ்சேன், செருப்பு, சாவிக்கொத்து, தூங்குற பொண்டாட்டி (அவளுக்கு தெரிஞ்சு அந்த தாள மட்டும் கிழிச்சுட்டா).

தலைகீழா வரையிறதும் அதே ரகம். பெரியவர்கிட்ட பழைய வாரப் பத்திரிக்கைல இருந்து வெட்டி ஒட்டுன நோட்டு ஒன்னு இருக்கு, மணியம், கோபுலு, மாருதி, ஜெயராஜ்னு பத்திரிக்கைக்கு படம் போட்ட ஓவியருங்க எல்லாம் இருப்பாங்க அதுல. அந்த நோட்ட தலைகீழா வச்சுட்டு காப்பி அடிக்க சொல்லுவாரு. தலைகீழா இருக்கும்போது இது மூக்கு இது கண்ணுன்னு மூளைக்கு பேர் சொல்ல முடியாது, வெறும் கோடு, வளைவு, எடைவெளி, அவ்ளோதான். நேரா வச்சு வரைஞ்சத விட தலைகீழா வரைஞ்சது நல்லா வந்துச்சு, எனக்கே நம்ப முடியல. அதே நோட்டுல சில்பி வரைஞ்ச கோயில் சிற்பம் சிலது உண்டு. அவரு கோயில் கோயிலா போய் சிலைக்கு முன்னாடியே உக்காந்து வரைஞ்சவரு. பெரியவரு அந்த பக்கம் வந்தா மட்டும் கொஞ்ச நேரம் பேசமாட்டாரு.

அப்புறம் எடைவெளி. இதுக்கு அவரு குடுத்தது டீக்கடை முக்காலி. முக்காலிய வரையாத, காலுக்கு நடுவுல தெரியிற காலி எடத்த மட்டும் வரை, அந்த ஓட்டைக்கு என்ன உருவம்னு பாருன்னாரு. நாலஞ்சு கோணல்மாணலான உருவம் வரைஞ்சு முடிச்சேன், நடுவுல முக்காலி தானா நிக்கிது, காலெல்லாம் சரியான சாய்வுல. கைய இடுப்புல வச்சு நிக்கிற ஆள வரையும்போது கைக்கும் இடுப்புக்கும் நடுவுல தெரியிற முக்கோணத்த பாத்து வரைஞ்சா கை நீளம் தப்பாது. எனக்கு இன்னைக்கும் ரொம்ப கை குடுக்குறது இந்த ஒன்னுதான்.

அளவு எடுக்குறது பத்தி நெறய பேருக்கு தெரியும், கைய நீட்டி பென்சில பிடிச்சு ஒத்தக் கண்ணால பாக்குறது. சினிமால பாத்து சும்மா ஸ்டைலுன்னு நெனச்சிருந்தேன். முழங்கை மடங்கவே கூடாது, மடங்குனா ஒவ்வொரு தடவையும் அளவு மாறிரும், அத சொல்லாம விட்டுடுறாங்க. தலைய அளவுகோலா வச்சு ஒடம்ப எண்ணணும். வளந்த ஆளு ஏழு, ஏழரை தலை இருப்பாரு. நாலு வயசு புள்ள சுமார் அஞ்சு தலைதான். கைக்குழந்தை நாலு. இங்கதான் என் பேரன் காலேஜ் பையன் மாதிரி போன காரணம் புரிஞ்சுச்சு, ஏழு தலை பையன சின்னதாக்கி வச்சிருந்தேன். சிற்பிங்க கணக்கு வேற, அவங்க முகத்த அளவா வச்சு தாலம்னு சொல்லுவாங்க, பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், மொத்தம் 124 அங்குலம்னு (நம்ம இஞ்சு இல்ல, சிலை உயரத்த 124 பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு) பெரியவரு சொன்னாரு, ஒரு ஸ்தபதிகிட்ட கேட்டு வச்சிருந்தாராம். முகத்துக்கு ஒரே ஒரு விசயம்: கண்ணு தலையோட சரிபாதி உயரத்துல இருக்கு. நம்பாதீங்க, கண்ணாடி முன்னாடி நின்னு அளந்து பாருங்க. எல்லாரும் நெத்தி கிட்ட கொண்டு போய் வைப்போம், ஏன்னா முகம்னா நமக்கு கண்ணு மூக்கு வாய்தான், மண்டைய யாரும் எண்ணுறதில்ல.

இதெல்லாம் அசையாத பொருள். மூணாவது மாசம் அசையிற மனுசங்ககிட்ட அனுப்புனாரு. பெரியார் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து வரைஞ்சேன், ஒருத்தரும் நிக்கல, எல்லாம் பாதி கால், முக்கா முதுகு. வெறுத்துப்போய் திரும்பி வந்தேன். "உன்னைய யாரு பஸ் ஏறப் போறவன வரைய சொன்னது? திரும்பத் திரும்ப ஒரே வேலைய செய்றவன புடி"ன்னாரு. அப்படி மாட்டுனவருதான் புரோட்டா மாஸ்டர்.

எங்க கடைக்கு எதுத்தாப்புல சாயங்காலம் அஞ்சு மணிக்கு கல்லு சூடாகும். மாஸ்டர் உருண்டைய எண்ணெயில தட்டுவாரு, ரெண்டு கையாலயும் தூக்கி வீசுவாரு, விரிஞ்சத சுருட்டுவாரு, அடுக்குவாரு, வெந்ததும் அஞ்சாற சேத்து வச்சு ரெண்டு பக்கமும் அடிப்பாரு. அஞ்சே போஸு. ஒவ்வொன்னும் முப்பது செகண்டுக்குள்ள திரும்ப வரும். தாள அஞ்சா மடிச்சு அஞ்சு கட்டத்துலயும் ஒரே நேரத்துல அஞ்சு ஆள ஆரம்பிக்கணும், வீசும்போது வீசுற ஆளுக்கு ரெண்டு கோடு, சுருட்டும்போது சுருட்டுற ஆளுக்கு ரெண்டு கோடு. பத்து ரவுண்டு போனா அஞ்சு படமும் நெறஞ்சிரும். முகம் கூடாது, விரல் கூடாது. மொதல்ல முதுகெலும்புக்கு ஒரு வளைவு, அப்புறம் தோளுக்கு ஒரு சாய்வு, இடுப்புக்கு ஒரு சாய்வு. வீசும்போது மாஸ்டரோட வலது தோள் ஏறுது, வலது இடுப்பு இறங்குது, ரெண்டு சாய்வும் எதிரெதிரா போகுது. கொத்தனார் குண்டுநூல் விடுற மாதிரி தொண்டக்குழியில இருந்து நேரா ஒரு கோடு விட்டா எந்த காலுல எடை இருக்கோ அந்த பாதத்துல போய் விழும். இது தப்புனா படத்துல ஆளு கீழ விழுற மாதிரி இருப்பான், நாம முகத்துல என்ன தப்புன்னு தேடிட்டு இருப்போம்.

மொத வாரம் வரைஞ்சத பாத்துட்டு மாஸ்டர், "என்னண்ணே, எலும்புக்கூடுக்கு லுங்கி கட்டி விட்டுருக்கீங்க"ன்னாரு. மூணு வாரம் கழிச்சு ஒரு தாள பாத்துட்டு ஒன்னும் சொல்லாம கிச்சனுக்குள்ள எடுத்துட்டு போய் மத்த பசங்ககிட்ட காட்டுனாரு. ஒருத்தன் சொன்னான், "இது மாஸ்டர், இது லீவு நாள்ல வர்ற இன்னொரு மாஸ்டர்." முகமே போடல நான். நிக்கிற விதத்துலயே கண்டுபிடிச்சுட்டான்.

பெர்ஸ்பெக்டிவ்க்கு, அதாவது கிட்ட இருக்குறது பெருசா தூர இருக்குறது சின்னதா தெரியிறத வரையிறதுக்கு, திருமலை நாயக்கர் மகால். 1636ல கட்டுனது, வரிசையா அந்த பெரிய பெரிய தூணு, மேல வளைவு, கோடு போட்டு பழகுறதுக்கே கட்டுன மாதிரி இருக்கும். புத்தகத்துல படிச்சப்ப மறையும் புள்ளி அது இதுன்னு தல சுத்துச்சு, அங்க போய் நின்னா சிம்பிள். உங்க கண்ணு மட்டம் எங்க இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும். கண்ணு மட்டத்துக்கு மேல இருக்குற கோடெல்லாம் தூரம் போகப் போக கீழ இறங்கும், கீழ இருக்குறது மேல ஏறும். தரைல சம்மணம் போட்டு உக்காந்து ஒன்னு வரைங்க, எந்திரிச்சு நின்னு ஒன்னு வரைங்க, ரெண்டும் வேற கட்டிடமா இருக்கும். அங்கதான் ஒரு ட்ரிக்கும் தெரிஞ்சுது: சமதரைல நீங்க நின்னுகிட்டு பாத்தா உங்க உயரம் இருக்குற ஆளுங்க கிட்ட நின்னாலும் தூர நின்னாலும் எல்லார் கண்ணும் ஒரே கோட்டுலதான் இருக்கும், கால் மட்டும்தான் மேல ஏறிகிட்டே போகும். திருவிழா கூட்டம் வரையணும்னா இந்த ஒன்னு போதும். நான் அதுக்கு முன்னாடி தூரத்துல இருக்குற ஆளுங்க தலைய இஷ்டத்துக்கு ஏத்தி இறக்கி வச்சு, கூட்டம் மாடிப்படில நிக்கிற மாதிரி பண்ணி வச்சிருந்தேன்.

வெளிச்சம் நிழல் பத்தி ரொம்ப சொல்ல எனக்கு ஆசையில்ல, அதுல நான் இன்னும் சுமார்தான். ஒரு முட்டை, ஒரு பல்பு, மத்த லைட்ட அணைச்சிருங்க, கண்ண சுருக்கி பாத்து மூணே மூணு டோன்ல பிரிங்க, வெளிச்சம், நடு, இருட்டு. நாலாவது டோன் போட கை துறுதுறுங்கும், போடாதீங்க. அவ்ளோதான்.

ஆறு மாசம் ஆச்சு. பெரியவர் ஒரு நாள் கேட்டாரு, "அந்த ஆடு என்னடா ஆச்சு?"

திருமங்கலத்துல வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்த. வெள்ளன போயிட்டேன், இருட்டு விலகல இன்னும், வேன்லயும் டூவீலர்லயும் ஆடு வந்து எறங்கிகிட்டே இருக்கு, சத்தம், புழுக்கை வாடை, துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுறவங்க, நடுவுல பேனாவோட நானு. ஒரு மணி நேரம் வரையவே இல்ல, பின்னங்கால மட்டும் பாத்துட்டு இருந்தேன். பின்னங்கால்ல பின்பக்கமா மடங்குதே, அதத்தான் நான் முட்டின்னு நெனச்சிருந்தேன். அது முட்டி இல்ல, குதிகால். ஆடு எப்பவும் நுனிவிரல்ல நிக்கிது, அந்த குளம்புதான் விரல் நுனி. நெச முட்டி மேல வயித்த ஒட்டி, விலாவுக்கு பக்கத்துல ஒளிஞ்சு இருக்கு, நம்மள மாதிரியே முன்னாடி பாத்துதான் மடங்குது. முன்னங்கால்ல முட்டி மாதிரி தெரியிறது நம்ம மணிக்கட்டு. ஆடு படுக்கும்போது மொதல்ல அந்த மணிக்கட்டுலதான் மண்டி போடுது. நான் அங்கயே குந்த வச்சு என் கைய தரைல ஊனி குதிகால தூக்கி பாத்தேன், ஒரு வியாபாரி என்னய்யா ஆச்சுன்னு ஓடி வந்துட்டாரு.

இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆடு வந்துருச்சு. எலும்பு எங்க மடங்கும்னு தெரிஞ்சா ஓடுற ஆடு, தாவுற ஆடு, வேலி மேல கால வச்சு எலை பறிக்கிற ஆடு, எதையும் போட்டோ இல்லாம யோசிச்சு வளைக்கலாம். மத்த விசயமும் அங்கதான் கவனிச்சேன், கண்ணோட கருமணி படுக்கை வாட்டுல செவ்வகமா இருக்கும், அசை போடும்போது கீழ்த்தாடை சைடு வாக்குல போகும், வெள்ளாட்டு வாலு மேல தூக்கி நிக்கும், செம்மறிக்கு தொங்கும். நம்ம பக்கத்து கன்னி ஆடு கருப்பு, காதடில இருந்து மூக்கு வரைக்கும் மூஞ்சியோட ரெண்டு பக்கமும் ஒரு கோடு எறங்கும், வெள்ளைக் கோடுன்னா பால் கன்னி, செவப்புன்னா செங்கன்னி. கதைல ஆடு தொலஞ்சு போகுதுல்ல, பாட்டி கூட்டத்துல அத அடையாளம் கண்டுபிடிக்கணும்ல, அந்த கோடு எவ்ளோ பெரிய விசயம்! நான் ட்ரேஸ் பண்ணுனது தாடி வச்ச ஏதோ வெளிநாட்டு ஆடு.

சந்தைல ஒரு பயிற்சி, ஞாபகத்துல இருந்து வரையிறது. ஒரு ஆட்ட ஒரு நிமிசம் முழுசா பாக்கணும், முதுக திருப்பிகிட்டு வரையணும், முடிச்சிட்டு திரும்பி சரி பாக்கணும். எது மறந்து போச்சோ அது நாம பாக்காதது. இல்லஸ்ட்ரேசன், அதாவது கதைக்கு படம் போடுறது, பண்றவங்களுக்கு மத்த எல்லாத்த விட இது முக்கியம்னு நான் சொல்லுவேன், கதைல வர்றது எதுவும் நம்ம முன்னாடி வந்து உக்காராது. மூணாவது வெள்ளிக்கிழமை அப்படி வரைஞ்சத ஆட்டுக்காரர் ஒருத்தர் எட்டிப் பாத்தாரு. "இது என் கெடா இல்லப்பா"ன்னாரு. சரி சொதப்பிட்டோம்னு நெனச்சேன். "அந்தா நிக்கிது பாரு ஓரத்துல, அதுதான இது"ன்னு கைய காட்டுனாரு. நான் பாத்து வரைஞ்சது அந்த ஓரத்து ஆட்டத்தான்.

பாட்டி கதை இன்னும் கெடந்துச்சு. வரைய வந்துட்டா இல்லஸ்ட்ரேசன் தானா வந்துரும்னு நெனச்சேன், அது தனி வேலை. பாட்டிய பக்கவாட்டுல வரைஞ்சா ஒரு ஆளு, குனிஞ்சா வேற ஆளு. பெரியவர் யோசனை, தலைய ஒன்னு பிடிச்சு வச்சுக்கோன்னு. களிமண்ணுக்கு எங்க போக, வீட்ல பெசஞ்சு வச்ச சப்பாத்தி மாவுல பாட்டி தலைய செஞ்சேன், கொண்டை, ஒட்டுன கன்னம், தொங்குற காது ஓட்டை எல்லாம் வச்சு, பல்பு வெளிச்சத்துல திருப்பித் திருப்பி வச்சு எட்டு பக்கமும் வரைஞ்சேன். அன்னைக்கு ராத்திரி சப்பாத்தி ஒன்னு கொறச்சல். சேலை கட்டு எங்க அப்பத்தா மாதிரி பின்கொசுவம், சுங்குடி புள்ளி. எந்த பக்கத்துல எப்படி நின்னாலும் கொண்டை, காது, பின்கொசுவம், இந்த மூணு மாறாம இருந்தா பாட்டி பாட்டிதான்.

படம் பெருசா போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்துக்கும் தீப்பெட்டி சைஸுல ஆறு வெத வெதமா கிறுக்கிப் பாக்கணும். மொத ரெண்டு எல்லாருக்கும் தோணுறது, பாட்டி நடுவுல, ஆடு பக்கத்துல, பின்னாடி மலை. நாலாவது அஞ்சாவதுலதான் உருப்படியா ஏதாவது வரும். ஆடு தொலஞ்ச பக்கத்துக்கு எனக்கு அஞ்சாவதுல வந்தது, அவுந்து கெடக்குற கயிறு மட்டும் பெருசா முன்னாடி, பாட்டியும் பேரனும் தூரத்துல சின்னதா. தீப்பெட்டி சைஸுல கருப்பா நிரப்பி பாத்தாலே என்ன நடக்குதுன்னு புரியணும், புரியலைன்னா பெருசா வரைஞ்சாலும் புரியாது. டிடிபி ஆளா இருந்ததுல ஒரு லாபம், எழுத்துக்கு எடம் விடுறதும், நடு மடிப்புல முகம் மாட்டாம பாத்துக்கிறதும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல. நல்லா வரையிற பசங்க கூட இதுல கோட்டை விடுறாய்ங்க, அழகான பாட்டி மூக்கு பைண்டிங்குக்குள்ள போயிரும். இன்னொன்னு, முடிச்ச படத்த செல்லுல போட்டோ எடுத்து மிரர் பண்ணி பாருங்க, ரெண்டு கண்ணும் ஒன்னு மேல ஒன்னு கீழ இருக்குறது அப்பதான் பளிச்சுன்னு தெரியும்.

மொத்தம் ஒரு வருசம் நாலு மாசம். நடுவுல கடை வேலை ஜாஸ்தியாகி விட்டது ஒரு தடவ, இன்ஸ்டாகிராம்ல பதினாறு வயசு பொண்ணு ஒருத்தி வரையிறத பாத்து வெறுத்துப்போய் விட்டது ஒரு தடவ. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், கடை தெறக்குறதுக்கு முன்னாடி. அரை மணிக்கு மேல உக்காந்தா கை பழைய பழக்கத்துக்கு போயிடுது, எனக்கு.

12 படத்தையும் புதுசா வரைஞ்சு அந்த எடிட்டர் அம்மாகிட்ட கொண்டு போனேன். புத்தகம் எப்பவோ வேற ஒருத்தர் வரைஞ்சு வெளிவந்துருச்சு, அது எனக்கும் தெரியும், சும்மா காட்டணும்னுதான் போனேன். தாள ஒவ்வொன்னா திருப்பி கயிறு பக்கத்துல வந்து நின்னாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஆடு இருக்குற படத்துக்கு திரும்பி வந்து, "குளம்புக்கு மேல பின்னாடி சின்னக் குளம்பு ரெண்டு இருக்குமே தம்பி, அத விட்டுட்டீங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்து சந்தைல வரைஞ்ச பழைய தாளெல்லாம் எடுத்து பாத்தேன். நாப்பது தாள்ல ஒன்னுல கூட இல்ல.

இப்ப அவங்க ஒரு கதை குடுத்திருக்காங்க, குரங்கு வருது அதுல. அதனால ஞாயித்துக்கிழமை மொத பஸ்ஸுல அழகர்கோயில். பையில திங்கிற சாமான் எதுவும் இருக்கக்கூடாதுன்னு பெரியவர் சொல்லி அனுப்பிருக்காரு, போன தடவ அவரு போனப்ப குரங்கு வரைஞ்சுகிட்டிருந்த தாளையே புடுங்கிட்டு மரத்துல ஏறிருச்சாம்.